பாப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த அம்பு

சட்டைக் கம்பெனியில் எல்லாரும் அவளைச் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக ஒரே மேசை, தலைக்கு மேல் ஒரே குழல்விளக்கு, நின்றபடியே வேலை. தைத்து முடித்த சட்டை முன்னால் வந்து விழும். காலரில் தொடங்கி, தோள், கை, பட்டன் பட்டி, பக்கத் தையல், கீழ்மடிப்பு என்று கண்ணும் விரலும் சேர்ந்து ஒரு சுற்று வரும். தையல் விட்டிருந்தாலும் சரி, எண்ணெய்க் கறை இருந்தாலும் சரி, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி இடது பக்கம் தள்ளிவிடுவாள். வாயைத் திறக்க வேண்டியதில்லை. தைத்தவளைத் திட்ட வேண்டியதில்லை. குறை இங்கே என்று அம்பு சொல்லும். ரிப்பேர் மேசைக்காரி பிரித்துத் தைப்பாள். சீரானதும் அம்பை உரித்துக் கீழே போடுவாள்.

அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவனை அவளுக்குப் பேசி முடிக்கக் கூட்டிவந்தபோது, "ஆள் எப்படி?" என்று அவள் அண்ணன் கேட்டதற்கு, "மூணாவது பட்டன வேற நூல்ல தச்சிருக்காரு" என்றாள். அது காதில் விழுந்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் வருஷம் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் அவள் கண் பழக்கப்படி ஒரு சுற்று வந்தது. நெற்றி, காது மடல், விரல்கள், குதிகால். ஒரு குறை இல்லை. நல்ல பீஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்து வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

பிள்ளை முகத்தைப் பார்த்த நொடியே பட்ட வலியெல்லாம் பறந்துபோகும் என்று அவளுக்குச் சொல்லாத ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சொன்னாள், கம்பெனி வாட்ச்மேன் சொன்னான், வயிற்றுவலிக்கே ஊரைக் கூட்டுகிற அவள் அண்ணன்கூடப் போனில் சொன்னான். நெஞ்சு பொங்குமாம், மார் கனக்குமாம். மார் கனத்தது உண்மை. பால் கட்டிக் கல்லாகிக் காய்ச்சல் வந்து, கடைசியில் வற்றியே போயிற்று, அப்புறம் பாட்டில்தான். மற்றதெல்லாம் பொய். இத்தனை பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலையில் குறை வைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. வேளைக்குப் பால் கொடுத்தாள். கழுத்து மடிப்பில் பால் தங்கிப் புண்ணாகாமல் துடைத்தாள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் யாரோ, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் இதோ வந்துவிடுகிறேன் என்று கொடுத்துவிட்டுப் போன பையைப் போலத்தான் அந்தப் பிள்ளை அவள் மடியில் கிடந்தது. வந்து கேட்கும்போது சேதாரமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டால், பெற்றவள் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றும். பெற்றவள் நான்தானே என்று மறுகணம் உறைக்கும்.

பிள்ளையும் லேசுப்பட்டதில்லை என்று அவளுக்குப் பட்டது. அவள் முகத்தைப் பார்க்காது. தோளுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும். நாத்தனார் தூக்கினால் கம்மென்று அடங்கிவிடும். இவளிடம் சரக்கில்லை என்று இரண்டு மாதப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது என்றே நினைத்தாள்.

அழுகை வந்திருந்தால் யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள். அவளுக்கு வந்தது கோபம். பாட்டில் மூடி சரியாகத் திருகாவிட்டால் கோபம். புருஷன் குளிக்கும்போது சீட்டியடித்தால் கோபம். ஒருநாள் காலையில் அவன் வந்து, "பாப்பா என்னைப் பாத்துச் சிரிச்சாளே!" என்றதற்கு, கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைக் குளியலறைக் கதவில் எறிந்தாள். வாளி இரண்டாகப் பிளந்தது.

"உனக்கு என்னதான் பிரச்சினை?" என்றான்.

"தெரியலங்க."

"தெரியாமத்தான் வாளிய உடைச்சியா?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. சொன்னால் வீடு தாங்காது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

நாத்தனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்தாள். மெக்கானிக் அவளை அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் கூடப்பிறந்தவள் அல்ல. அவன் அம்மாவுக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கை பெற்ற பிள்ளைதான் இவள். பிரசவமான மூன்றாம் மாதம் அந்தத் தங்கை, பிள்ளையைத் தொடமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பித்து என்றார்கள், திமிர் என்றார்கள், நெஞ்சா கல்லா என்றார்கள். டாக்டரிடம் காட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைத் தூக்கி அக்காகாரியிடம், அதாவது மெக்கானிக்கின் அம்மாவிடம், கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வளர்த்தவளை அம்மா என்றும் பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள் நாத்தனார். எழுபது வயசில் பெற்றவள் கண்ணை மூடியபோதும் சித்தி என்றுதான் அழுதாள். அந்தக் குடும்பத்தில் இதைத் தப்பு என்று யாரும் நினைத்ததே இல்லை. நல்லபடியாக முடிந்த விஷயம் என்றுதான் இன்றுவரைக்கும் சொல்வார்கள்.

ஆகவே, தம்பி பெண்டாட்டி பிள்ளையை நெஞ்சோடு சேர்க்காமல் முழங்காலில் கிடத்திப் பாட்டிலைப் பிடிப்பதைப் பார்த்ததுமே நாத்தனார் முடிவு கட்டிவிட்டாள். காலை ஏழு மணிக்கு இறங்கி வருவாள். குளிப்பாட்டுவாள், கொஞ்சுவாள். "என் செல்லக்கட்டி, உங்கம்மா உம்முனு இருக்கா பாரு. நாம ரெண்டு பேரும் மேல போயிடலாமா?" சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரிப்புக்குள் இருந்த ஊசி செக்கருக்குத் தெரியும்.

இரண்டரை மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா ஒரு படிவத்தோடு வந்தாள். பிள்ளையை எடை பார்த்தாள். பிறகு படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பிள்ளையப் பாத்தா சந்தோஷமா இருக்காம்மா?" என்றாள்.

செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாளே. "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் நல்லா சந்தோஷமா இருக்கா. பெத்தவளாச்சே, இல்லாம எப்படி?" என்றாள் நாத்தனார், பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

நர்ஸம்மா டிக் போட்டாள். "தூக்கம் வருதா?"

"பிள்ளைக்காரிக்கு ஏதும்மா தூக்கம்?" என்று நாத்தனார் சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரித்தாள். இன்னொரு டிக். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கம்பெனியில் ஒரு சட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இப்படிப் பாஸ் பண்ணினால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இங்கே நர்ஸம்மா டீ குடித்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம், கொண்டை ஊசி தேடி வேலைக்குக் கொண்டுபோகும் பையைக் கவிழ்த்தபோது ஒரு தாள் ஸ்டிக்கர் வெளியே விழுந்தது. சிவப்பு அம்புகள். அதைப் பார்த்ததும் என்ன வந்ததோ, ஒன்றை உரித்துத் தன் நீல நைட்டியில் நெஞ்சுக்குழிக்கு நேரே ஒட்டிக்கொண்டாள். இங்கே. இங்கேதான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, வந்தாலும் சொல்ல விடுவதில்லை. பார்க்கிற கண் பார்க்கட்டும்.

புருஷன் சாப்பிட வந்தான். உப்புப் பத்தவில்லை என்றான், கை கழுவிக்கொண்டு போனான். நாத்தனார் வந்து பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஃப்ரிட்ஜுக்குள் எந்த மூலையில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் பெண்டாட்டி நெஞ்சிலிருந்த சிவப்பு அம்பைப் பார்க்கவில்லை. வந்த ஆத்திரத்தில் ஸ்டிக்கர் ஞாபகமே அவளுக்குப் போய்விட்டது. நாலு மணிக்குப் பிள்ளை வீறிட்டது. தூக்கினாள். அதற்குப் பிறகு நடந்தது அவள் மனசில் சரியாகப் பதியவில்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு நாத்தனார் போட்ட சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"ஐயையோ! தம்பி, இங்க ஓடி வா! இவ பண்ணியிருக்கிற காரியத்தப் பாரு!"

பாப்பாவின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, சிவப்பு அம்பு.

"பெத்த பிள்ளைக்கே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா! ரிஜெக்ட்டுன்னு ஒட்டியிருக்கா!"

அவன் பிள்ளையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "நீயா ஒட்டினே?"

அவளுக்குத் தன் நைட்டியில் ஒட்டிக்கொண்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஒட்டியது ஞாபகம் இல்லை. ஒட்டியிருப்பேனோ? ஞாபகமே இல்லாமல் செய்கிற அளவுக்குப் போய்விட்டேனோ? அந்தப் பயத்தில் இல்லை என்ற ஒரு சொல் வெளியே வரவில்லை. அதுவே ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

நாத்தனார் அம்பை உரித்து, எல்லார் கண்ணிலும் படட்டும் என்று ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை, நழுவியது. காய்கறி மாதிரி செய்த காந்தம் ஒன்று கதவில் இருந்தது. அதை மேலே வைத்து நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசிடுவோம். பிள்ளை எங்கிட்ட வளரட்டும். இவ இப்படி இருக்கும்போது எப்படி விட்டுட்டுப் போறது?"

சனிக்கிழமை மதியம் கம்பெனியிலிருந்து காஜாக்கா பார்க்க வந்தாள். பட்டன் துளை போடும் காஜா மெஷினில் இருபது வருஷம் உட்கார்ந்து, பேரே அப்படி நிலைத்துப்போனவள். வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"என்னடி இது, பிள்ள பெத்த வீடா, எழவு வீடா? மூஞ்சி ஏன் அயர்ன் பண்ணாத துணி மாதிரி இருக்கு?"

நாத்தனார் மேலே போயிருந்தாள். செக்கருக்கு அடைத்துக் கிடந்தது பொலபொலவென்று கொட்டிவிட்டது. "அக்கா, எனக்கு இதுமேல ஒண்ணுமே தோணல. பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பாத்துக்கிற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருந்தாக்கூட கொஞ்சியிருப்பேன்."

இடி விழப்போகிறது என்று குனிந்துகொண்டாள். காஜாக்கா டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"எத்தனை மாசமா?"

"பெத்ததிலேருந்து."

"எனக்கு ரெண்டாவதுக்கு வந்துச்சு. பெரியவனத் தலையில தூக்கி வெச்சிக்கிட்டு ஆடினவதான் நானு. சின்னவன் பொறந்ததும் கரெண்ட் போன மாதிரி ஆயிடுச்சு. ஏழு மாசம். தூக்கும்போதெல்லாம், 'டேய், தப்பான வீட்டுக்கு வந்துட்டியேடா'ன்னு அவங்கிட்ட மன்னிப்புக் கேப்பேன்."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். சினிமாக்குப் போலாமான்னாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு மனநல டாக்டரம்மாவப் பாத்தேன். மாத்திரை குடுத்தா, வாராவாரம் பேச வெச்சா. இது வியாதிடி. காய்ச்சல் வர்ற மாதிரி வர்ற வியாதி."

"சரியாயிடுச்சா?"

"அவனுக்கு இப்ப பத்தொம்பது. மழையில போகாதேன்னு காலையில பைக் சாவிய ஒளிச்சு வெச்சிட்டு வந்திருக்கேன். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

புறப்படும்போது ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுளித்தாள். "ஒருதடவ உரிச்ச அம்பு மறுபடி லேசுல ஒட்டாதே. அதுக்காக ஸ்டோர்காரங்கிட்ட நாம போடாத சண்டையா? எடுத்துத் திருப்பிப் பாத்தியா?"

"பயமா இருக்குக்கா."

"நீயெல்லாம் ஒரு செக்கரு!" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் என்றால் நாத்தனார், அவள் புருஷன், மெக்கானிக், அவ்வளவுதான். நாத்தனார் புருஷன் லிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கதவருகே நின்று பழகியதால் நாற்காலியில் விளிம்பில்தான் உட்காருவார். சோபாவில் பாப்பாவின் பை தயாராக இருந்தது. சட்டை, பாட்டில், பவுடர் எல்லாம் அடுக்கி ஜிப்பும் இழுத்தாயிற்று. பேசி முடிவெடுக்கக் கூப்பிட்டவர்கள் பையை முதலிலேயே கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் செக்கருக்குக் காது மடல் சூடாயிற்று.

"உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்" என்றான் புருஷன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு மாடிதானேம்மா" என்றார் லிஃப்ட்காரர். "பிள்ள எங்க போயிடுது? மேலதானே?"

உண்மையைச் சொல்ல வேண்டும். போகட்டும் என்று அவளுடைய ஒரு மனசு சொல்லத்தான் செய்தது. கதவைச் சாத்திவிட்டு மூன்று நாள் தூங்கலாம். படியில் கேட்ட செருப்புச் சத்தக்காரி வந்து பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று இருந்துவிடலாம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தவள் கண்ணில் ஃப்ரிட்ஜ் கதவு பட்டது. நேராக எழுந்து போய்க் காந்தத்தைத் தள்ளி, அம்பைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள்.

கண் தன் வேலையைச் செய்தது. பசைப் பக்கம் முழுக்க நீலப் பஞ்சு. அதற்கு மேலே, ஓரங்களில் மட்டும், வெள்ளைப் பஞ்சு.

"என்னங்க, இங்க வாங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இந்த நீலம் என்ன?"

அவன் பார்த்தான். "உன் நைட்டி நீலம்."

"அடியில நீலம், மேல வெள்ளை. முதல்ல எங்கிட்ட ஒட்டியிருந்திருக்கு. நான்தான் ஒட்டிக்கிட்டேன், எனக்கு. இங்க." நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினாள். "எதிர்ல உக்காந்து உப்புப் பத்தலன்னு சொல்லிச் சாப்பிட்டுட்டுப் போனீங்களே, அப்ப இங்கதான் இருந்துச்சு. அண்ணி, நீங்க பாட்டில் கழுவிட்டுப் போனீங்களே, அப்பவும் இங்கதான் இருந்துச்சு. எம்மேல இருந்தப்ப ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. பிள்ளைமேல போனதும் எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு!"

"அது எப்படித் தானா போகும்?" என்றாள் நாத்தனார்.

"தானாப் போகாது. பசை செத்துப்போன அம்பு. ஃப்ரிட்ஜுல நீங்க அழுத்தினீங்களே, நின்னுச்சா? துணியில ஏறணும்னா நல்லா அழுத்தி ரொம்ப நேரம் வெச்சிருக்கணும்."

சொல்லும்போதே அவளுக்கு அந்த நாலு மணி திரும்ப வந்தது. பிள்ளை வீறிட்டு நீலம் பாரித்தது. என்ன செய்தும் அடங்கவில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் அந்தப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருவருமாக அழுதது. ஜன்னல் வெயில் சுவரில் ஏறி மறையும்வரை அப்படியே இருந்தது.

"இதப் பாசம்னு நான் சொல்லல" என்றாள். "எனக்கு அது இன்னும் வரல. கேட்டுக்கங்க, வரல! பிள்ளையப் பாத்தா வெறிச்சுன்னு இருக்கு. யாரோ குடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு. நர்ஸு கேட்டப்ப சொல்ல வந்தேன், அண்ணி வாய அடைச்சிட்டாங்க. இது வியாதியாம். எனக்கு டாக்டரக் காட்டுங்க. சரி பண்ண வேண்டியது என்னை. பையக் கட்டி அனுப்புறது பிள்ளையவா?"

"கத்தாதம்மா, ரெண்டு மாடிதானே..." என்றார் லிஃப்ட்காரர்.

"அண்ணியப் பெத்தவங்க வீடும் ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்துச்சு? சாகுற வரைக்கும் நடந்து கடக்க முடிஞ்சுதா?"

அந்தப் பேச்சு அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. புருஷன், "ஏய்..." என்று பாதியில் நிறுத்தினான்.

"சொல்லுங்க அண்ணி. உங்களப் பாக்க வந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?"

நாத்தனார் அடிக்க வருவாள் என்றுதான் தோன்றியது. முகம் அப்படிச் சிவந்திருந்தது. அடிக்கவில்லை, சொன்னாள்.

"உள்ள வரமாட்டாங்க. நான் ஸ்கூல் விட்டு வர்ற நேரம் பாத்து வாசல்ல நிப்பாங்க. சட்டையில பட்டன் தொங்குனா, ஊசி நூல் எடுத்துத் தச்சு விடுவாங்க. கழட்டச் சொல்லமாட்டாங்க. போட்டிருக்கும்போதேதான் தைப்பாங்க. நூலப் பல்லால கடிக்கும்போது அவங்க தலை என் நெஞ்சுல படும். ஒரு தடவ... நானே பட்டனப் பிச்சுக்கிட்டுப் போய் நின்னிருக்கேன்."

அதைச் சொன்ன கோபத்தில் எழுந்து, பையின் ஜிப்பை விருட்டென்று இழுத்து, பாட்டில்களை எடுத்து அலமாரியில் ணங்கு ணங்கென்று வைத்தாள். "டாக்டர்ட்ட யாரு கூடப் போறது? இவன் போனா தலையாட்டிட்டு வந்துடுவான். நான் வர்றேன்."

"வாங்க. ஆனா கேக்குற கேள்விக்கு நான்தான் பதில் சொல்வேன்."

"சரிடி, நான் வாயத் திறக்கல. போதுமா?"

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. முதல் மாதம் வாய் உலர்ந்ததுதான் மிச்சம். டாக்டரம்மாவிடம் போய்ப் போய்ப் பேசினாள். பாதி நாள் திட்டிவிட்டு வந்தாள். திட்டுவதும் நல்லதுதான் என்று டாக்டரம்மா சொன்னதற்கும் கோபப்பட்டாள். நாத்தனார் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தாள், ஆனால் குளிப்பாட்டிப் பிள்ளையைத் துவட்டி இவள் கையில்தான் கொடுத்தாள். மெக்கானிக் புது வாளி வாங்கி வந்தான், உடைந்தால் பரவாயில்லை என்று இரண்டாக.

பாப்பாவுக்கு ஆறாம் மாதம் தடுப்பூசிக்குப் போனார்கள். அதே நர்ஸம்மா. பக்கத்து மேசைக்காரியிடம் சிரித்துப் பேசிக்கொண்டே பிள்ளையின் தொடையில் குத்தினாள். சரியாக இறங்கவில்லை. உருவி மறுபடி குத்தினாள். பாப்பா மூச்சுப் பிடித்து வீறிட்டு, சுவரைப் பார்க்கவில்லை, நாத்தனாரைப் பார்க்கவில்லை, திரும்பிச் செக்கரின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" செக்கர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "பிள்ளைக்கு வலிக்காதா? ஒரு தடவ ஒழுங்காப் பாத்துக் குத்தத் தெரியாது? எம்பிள்ள என்ன பஞ்சு மூட்டையா?"

வாளியை எறிந்த நாளின் கோபம் இல்லை இது. அது எல்லாரையும் விட்டு ஓடச் சொன்ன கோபம். இது நர்ஸம்மாவின் கையை முறிக்கச் சொன்னது.

நர்ஸம்மா பயந்துபோய்ப் படிவத்துக்குள் குனிந்துகொண்டாள். "சரிம்மா, சரிம்மா... பிள்ளையப் பாத்தா சந்தோஷமா இருக்கா?"

பக்கத்தில் நின்ற நாத்தனார் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

"இப்ப கோவமா இருக்கு. உங்க மேல. எழுதிக்கங்க."

நர்ஸம்மா தலையைத் தூக்கி முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல இடம் இருக்கில்ல, அங்க எழுதுங்க" என்றாள் செக்கர். எழுதி முடிக்கும்வரை பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.